அணியம் தூக்கும்போது

தேங்காப்பட்டணம் துறைமுகச் சுவரோரம் என் பட்டறை.
தகரக் கூரை, இரண்டு வைஸ்,
டிரம் தண்ணீரில் காலை நனைத்தபடி
கடலில் இருப்பதாய் நம்பி ஓடும் ஒரு யமஹா.

ஆனி மழை. யாரும் வரவில்லை.
போனில் எதையோ தேடப் போய் எதிலோ விழுந்தேன்:
எண்பது வருஷத்துக்கு முந்தைய ராக்கெட் விமானம்.
ஜெர்மன்காரன் வரைந்தது, ஜப்பான்காரன் செய்தது.
வயிறு முழுக்க
தோலைத் தின்னும் திரவங்கள் இரண்டு.
ஒன்றோடொன்று சேர்ந்தால் தீக்குச்சி வேண்டாம்.
பெயர் மட்டும் இலையுதிர்காலத்துத் தண்ணீர்.
தீட்டிய வாளின் மினுக்கத்தை
அங்கே அப்படிச் சொல்வார்களாம்.

வரைபடம் நீர்மூழ்கியில் வந்தது,
ஆப்பிரிக்காவைச் சுற்றி,
நம் கடலுக்குத் தெற்கே எங்கோ
மூழ்கி மூழ்கி.
சிங்கப்பூரில் ஓர் அதிகாரி
கொஞ்சம் தாளோடு இறங்கிக்கொண்டார்.
மிச்சம் வழியில் அடிபட்டு ஆழத்துக்குப் போயிற்று.
கையில் இருந்தது போதாது.
போதாததை வைத்துச் செய்தார்கள்.

எனக்குச் சிரிப்பு வந்தது.
பூத்துறை கிளீட்டஸ் வாட்ஸ்அப்பில் அனுப்பும் படங்கள்:
பாதி பிஸ்டன், மீதி அவன் கட்டைவிரல்.
"இதேமாரி ஒண்ணு கடஞ்சு வை மக்கா, வெள்ளிக்கிழம வாறேன்."
கடைந்து வைத்திருக்கிறேன். ஓடியும் இருக்கிறது.

இன்னொரு விமானம், ஜெட்.
அதன் எஞ்சினுக்குக் குறுக்கே வெட்டிய ஒரே ஒரு படம்தான்.
யாரோ ஒருவன் அந்தத் தாளை இரவெல்லாம்
விளக்கில் பிடித்துப் பார்த்திருப்பான்,
கோட்டுக்குப் பின்னால் என்ன இருக்கிறதென்று.
அவனை எனக்குத் தெரியும், பெயர்தான் தெரியாது.
அது கப்பல்களைக் கொளுத்தப் பறக்க இருந்தது.
அவன் கப்பலை நினைத்தானா, மரையை நினைத்தானா?
நானாயிருந்தால் மரையைத்தான்.
பெருமையாகச் சொல்லவில்லை.

பிறகு அந்த நாள். ஜூலை ஏழு. இதே ஆனி.
ராக்கெட்டின் டாங்கை நிறைக்கவில்லை,
மூன்றில் ஒரு பங்கு. முதல் ஓட்டம்தானே.
கிளம்பியது. நிமிர்ந்து ஏறியது.
நானூறு மீட்டரில் சத்தம் நின்றது.

அடுத்த வரியைப் படிக்குமுன்
எனக்குத் தெரிந்துவிட்டது.
எண்ணெய் எடுக்கும் வாய் டாங்கின் முன்பக்கம்.
மூக்கு மேலே போனால் எண்ணெய் பின்னால் போகும்.
குழாய் காற்றைக் குடிக்கும்.

போனைக் கவிழ்த்து வைத்தேன்.

சிலுவைப்பிச்சையின் வள்ளம்.
அமரத்தில் ஐஸ்பெட்டிக்கு இடம் வேணும் என்றான்.
டாங்கைத் திருப்பிப் போட்டு
வாயை அணியப் பக்கம் வைத்து
நான்தான் பற்றவைத்தேன்.
நிறைந்து கிடந்த மாதங்களில் ஒன்றுமில்லை.
அந்த ஆனியில் மானிய மண்ணெண்ணெய் வரவில்லை.
அடியில் கொஞ்சம் தளும்பியது.
பக்கத்திலதான், போய்வரக் காணும் என்று
எடுத்துப் போனான்.
பொழிமுகத்தில் அலை. அணியம் தூக்கியது.
சுவரில் நின்ற நாங்கள் எல்லோரும்
சத்தம் நின்றதைக் கேட்டோம்.

அலை என்றார்கள். மணல்திட்டு என்றார்கள்.
சுவரைக் கட்டிய விதம் என்று கலெக்டருக்கு மனு போனது.
எல்லாம் உண்மைதான்.
மனுவில் நானும் கையெழுத்துப் போட்டேன்.

அந்த விமானி மறுநாள் இறந்தாராம்.
சிலுவைப்பிச்சைக்கு மறுநாள் கிடைக்கவில்லை.

மழை விட்டபோது மணி பத்து.
கரையேற்றிய வள்ளங்களில்
அதேபோல் நான் திருப்பிப் போட்ட டாங்குகள் பதினொன்று.
முதலாவது கிளீட்டஸுடையது.
டார்ச்சைக் கண்டு எழுந்து வந்தான்.
"டாங்கக் கழத்து" என்றேன்.
"நல்லாத்தானே ஓடுது?"
"ஓடும்," என்றேன்.
"நெறஞ்சு கெடக்கும்போ ஓடும்."